பிரிட்டனின் தேர்தல் முறையை மாற்ற மக்கள் விரும்புகிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூலை 4 அன்று நடந்த பொதுத்தேர்தலுக்குப் பிறகு, பிரிட்டனில் வாழும் தமிழர்களிடையே தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் சில ஐயங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தன. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே தங்குவதற்கு உரிய அனுமதியுடன் வசித்து, வாக்காளர் பட்டியலில் பதிவு செய்துகொண்டால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இது சொந்த விஷயமே. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் வருகின்றன.

இங்கே இப்போது எந்த முறையில்தான் எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாடு 650 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே எம்.பி. வாக்காளர் ஒருவருக்கு எதிரே மட்டும் குறியிடுகிறார். மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெல்கிறார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்தியாவின் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நாம் வாக்களிக்கும் முறை இதுவேதான், பிரிட்டனிடமிருந்து பெற்றுக்கொண்டது. இந்தப் பக்கத்தில் இதை ‘முந்துபவர் வெல்லும் முறை’ என்று குறிப்பிடுகிறேன்.

அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார். அதில் என்ன அநியாயம்?

ஒரு தொகுதியை மட்டும் பார்த்தால் அநியாயம் எளிதில் தெரியாது. ஆயினும் 2024-இல் தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியைப் பாருங்கள்: முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸைத் தொழிற்கட்சி வேட்பாளர் 630 வாக்குகளில் வென்றார், அவர் பெற்றது 26.7 சதவீதம். அத்தொகுதியில் வாக்களித்தவர்களில் நால்வரில் மூவர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

650 தொகுதிகளையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் குறை பெரிதாகத் தெரிகிறது. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குகளுடன் 411 இடங்களைப் பெற்றது. அதாவது மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இடங்கள். ரிஃபார்ம் யூ.கே. கட்சி 14.3 சதவீதம், நாற்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று 5 இடங்களில் நின்றது. லிபரல் டெமாக்ரட் கட்சி அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் பெற்று 72 இடங்களை வென்றது. சராசரியாகக் கணக்கிட்டால், ஒரு தொழிற்கட்சி எம்.பி.க்குப் பின்னால் சுமார் 24,000 வாக்குகளும், ஒரு பசுமைக் கட்சி எம்.பி.க்குப் பின்னால் நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும், ஒரு ரிஃபார்ம் எம்.பி.க்குப் பின்னால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளும் இருக்கின்றன. ஒரு கட்சியின் ஆதரவு நாடெங்கும் மெல்லிதாகப் பரவியிருந்தால் தண்டனை, குறிப்பிட்ட இடங்களில் திரண்டிருந்தால் பரிசு என்று இம்முறை இயங்குகிறது.

அதிக வாக்குப் பெற்ற கட்சியே தோற்ற தேர்தல்களும் உண்டு. 1951-இல் தொழிற்கட்சி 48.8 சதவீதமும் கன்சர்வேட்டிவ் அணி 48.0 சதவீதமும் பெற்றன. ஆட்சி அமைத்தது சர்ச்சில் தலைமையிலான கன்சர்வேட்டிவ் அணி. 1974 பிப்ரவரியில் இது தலைகீழாக நடந்தது: அப்போது வாக்கில் முந்திய கன்சர்வேட்டிவ் கட்சி இடங்களில் பின்தங்கியது.

விகிதாசாரம் என்றால் இலங்கையில் இருக்கிறதே, அதுதானா?

விகிதாசாரம் என்பது கட்சிகளுக்கு அவை பெற்ற வாக்கின் பங்குக்கேற்ப இடங்களைத் தருவது. இலங்கையில் இருப்பது அதன் ஒரு வகை. இலங்கையில் 196 பேர் மாவட்டப் பட்டியல்கள் வழியாகவும் 29 பேர் தேசியப் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள்; கட்சிக்கு ஒரு வாக்கு, அதன் வேட்பாளர்களில் மூவருக்கு விருப்பு வாக்கு. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக ஓர் இடம் தரப்படுவதால் அது முழு விகிதாசாரமும் ஆகாது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61.6 சதவீத வாக்குக்கு 225-இல் 159 இடங்களைப் பெற்றது அதனாலும்தான்.

பிரிட்டனில் பேசப்படும் முறைகள் வேறு. முதலாவது ஒற்றை மாற்று வாக்கு: ஒரு பெரிய தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து அல்லது ஆறு பேர், வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவார். இந்திய மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இந்த முறையில்தான். இரண்டாவது கலப்பு முறை: தொகுதி எம்.பி. ஒருவர், கூடவே கட்சிகளின் வாக்குப் பங்குக்கேற்ப இடக் கணக்கைச் சரிக்கட்டும் பட்டியல் உறுப்பினர்கள் சிலர். இவ்விரண்டிலிருந்தும் வேறானது 2011-இல் மக்கள் முன் வைக்கப்பட்ட ஏ.வி. முறை, அதாவது மாற்று வாக்கு முறை. அதிலும் விருப்ப வரிசை உண்டு. தொகுதிக்கு ஒரே எம்.பி.தான். ஆகவே அது விகிதாசாரம் அன்று. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் முதல் மூன்று விருப்பங்களைக் குறித்தவர்களுக்கு இதன் சாயல் தெரியும். 2024 செப்டம்பரில்தான் அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே 2011 பற்றிய பதிலுக்கு இதுவே அடிப்படை.

சரி, மக்களுக்கு மாற்றம் வேண்டுமா, வேண்டாமா? நேராகச் சொல்லுங்கள்.

வேண்டும் என்பவர்கள் இப்போது அதிகம். பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு 1983-இலிருந்து நடந்து வருகிறது. நேட்சென் என்ற சமூக ஆய்வு நிறுவனம் நடத்தும் இந்த ஆய்வில், மாற்றத்தை ஆதரித்தவர்கள் 2011-இல் 27 சதவீதம் மட்டுமே. 2021-இல் அது 51 சதவீதமாகி முதன்முறையாகப் பாதியைத் தாண்டியது. 2024 தேர்தலுக்குப் பின் எடுத்த ஆய்வில் 60 சதவீதம்; இதுவரை பதிவானவற்றில் இதுவே உச்சம். இப்போதைய முறையே போதும் என்றவர்கள் 36 சதவீதம்.

ஆனால் இந்த ‘வேண்டும்’ என்பது எவ்வளவு ஆழமானது, எந்த முறை வேண்டும், அதற்காக எதை விட்டுக்கொடுக்கச் சித்தம் என்பவை தனித்தனிக் கேள்விகள். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ‘60 சதவீதம்’ என்ற எண்ணை மட்டும் முழக்கமாக ஆக்குவது மாற்றத்தை விரும்புவோருக்கே கேடு என்பது என் கருத்து. அதை 2011-லேயே ஒருமுறை பார்த்தோம்.

ஒரு கணிப்பில் 60 என்கிறார்கள், இன்னொன்றில் பாதிகூட இல்லை என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை, கேள்விகள் வேறு. மேலே சொன்ன ஆய்வின் கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: சிறு கட்சிகளுக்கு எம்.பி.க்களில் இன்னும் நியாயமான பங்கு கிடைக்கும்படி முறையை மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். திறம்பட்ட ஆட்சி அமைய இப்போதைய முறையே இருக்க வேண்டும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்துக்கு நெருக்கமானது எது? இதில் இரு பக்கத்திலும் ஒவ்வொரு நற்பண்பு வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் நியாயம், மறுபக்கம் திறம்பட்ட ஆட்சி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலையில் மக்களின் மனம் சாயும் திசையை அது காட்டுகிறது. நாற்பது ஆண்டுகளாக இதே வாசகத்தை வைத்திருப்பதால் காலப்போக்கில் நேரும் மாற்றத்தை அறிய இதைவிட நல்ல கருவி இல்லை என்றே நினைக்கிறேன்.

கருத்துக்கணிப்பு நடத்தும் யூகவ் நிறுவனம் விகிதாசார முறை வேண்டுமா, முந்துபவர் வெல்லும் முறை வேண்டுமா என்று முறைகளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. ‘தெரியாது’ என்ற விடைக்கும் இடம் தருகிறது. அங்கே விகிதாசாரத்துக்குப் பாதியை ஒட்டிய ஆதரவும், இப்போதைய முறைக்குக் கால்பங்கை ஒட்டிய ஆதரவும் கிடைக்கின்றன. மீதிக் கால்பங்கு மக்கள் தெரியாது என்கிறார்கள். அந்தக் கால்பங்கைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு பொது வாக்கெடுப்பு வந்தால், இன்று தெரியாது என்று சொல்பவர்கள் அன்று பெரும்பாலும் பழகியதன் பக்கமே சாய்வார்கள். வேறொரு இயல்பும் உண்டு: கட்சிகளுக்கு வாக்குக்கேற்ற இடம் கிடைக்க வேண்டுமா என்று தனியாகக் கேட்டால் பெரும்பாலோர் ஆம் என்பார்கள், ஒரே கட்சி உறுதியாக ஆள வேண்டுமா என்று தனியாகக் கேட்டால் அவர்களில் பலர் அதற்கும் ஆம் என்பார்கள். அதை முரண்பாடு என்று இகழ வேண்டியதில்லை. இரண்டும் விரும்பத்தக்கவையே, தேர்தல் முறைதான் இரண்டையும் ஒருங்கே முழுமையாகத் தர முடியாதது.

2011-லேயே மக்கள் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே? பிறகு ஏன் மறுபடியும்?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வந்தது. 2011 மே 5 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் மறுத்தார்கள், 32.1 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பதிவான வாக்கு 42 சதவீதம். எண்ணும் வட்டாரங்கள் 440-இல் 10 மட்டுமே ஆதரவு தெரிவித்தன. லண்டனில் ஹேக்னி, இஸ்லிங்டன், லாம்பெத் உள்ளிட்ட ஆறு, வெளியே ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும், எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களில் ஒவ்வொன்று. தோல்வி முழுமையானது, அதை மழுப்ப முடியாது.

ஆனால் கேட்கப்பட்டது என்ன? முந்துபவர் வெல்லும் முறைக்குப் பதிலாக ஏ.வி. முறையைப் பயன்படுத்தலாமா என்பதே கேள்வி. முன்னே சொன்னதுபோல் ஏ.வி. விகிதாசாரம் அன்று. விகிதாசாரத்தையும் வாக்குச்சீட்டில் ஒரு தெரிவாகச் சேர்க்கும்படி பசுமைக் கட்சியின் கேரலைன் லூகாஸ் கொண்டுவந்த திருத்தத்தை நாடாளுமன்றம் தோற்கடித்தது. ஏ.வி. முறையை 2010-இல் ‘அற்பமான சிறு சமரசம்’ என்ற பொருள்பட இகழ்ந்தவர் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக். கூட்டணி ஆட்சியில் துணைப் பிரதமரானதும் அதற்கே ஆதரவு திரட்ட வேண்டிய நிலைக்கு அவர் வந்தார். அதற்கிடையில் பல்கலைக்கழகக் கட்டணத்தை 9,000 பவுண்டு வரை உயர்த்த அவர் கட்சி துணைபோனதால் அவர் மீது கோபம் மிகுந்திருந்தது. எதிர்ப்புப் பிரசாரம் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. புதிய முறைக்கு 25 கோடி பவுண்டு செலவாகும் என்றும், அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் பச்சிளம் குழந்தையின் படத்தோடு சுவரொட்டிகள் வந்தன. அந்தத் தொகையில் பெரும்பகுதி, வாக்கெடுப்புக்கே ஆகும் செலவும் தேவைப்படும் என்று எவரும் முடிவு செய்யாத எண்ணும் இயந்திரங்களுக்கான செலவும்தான்.

எனவே 2011 தீர்ப்பு ஏ.வி. முறைக்கு எதிரானது, விகிதாசாரத்தைப் பற்றி மக்களிடம் இதுவரை யாரும் வாக்கெடுப்பு நடத்திக் கேட்கவில்லை. அதே நேரம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் ஆய்வில் பொதுவாக மாற்றத்துக்கான ஆதரவே 27 சதவீதமாகத் தாழ்ந்தது. ஒரு மோசமான பிரசாரம் தன் பொருளை மட்டுமன்றிப் பக்கத்தில் இருப்பதையும் சாய்த்துவிடும்.

அப்புறம் எப்படி மனம் மாறியது?

கட்சிகள் பெருகியது முதற்காரணம். 1951-இல் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து 96.8 சதவீத வாக்குகளைப் பெற்றன, 2024-இல் 57.4 சதவீதம். இரண்டு கட்சிகளுக்காக அமைந்த அளவுகோலில் ஐந்தாறு கட்சிகளை அளக்கிறார்கள். 2015-இல் யூகிப் கட்சி 12.6 சதவீத வாக்குடன் ஒரே ஓர் இடம் பெற்றபோதே இது பலருக்கு உறைத்தது. முந்துபவர் வெல்லும் முறை பழுதாகிவிட்டது என்பதைவிட, அது வேலை செய்வதற்கு வேண்டிய நிலைமை போய்விட்டது என்பதே பொருத்தம்.

இரண்டாவது காரணம் நம்பிக்கையின்மை. மேற்சொன்ன ஆய்விலேயே, எந்தக் கட்சியின் அரசானாலும் கட்சி நலத்தைவிட நாட்டு நலத்தை முன்வைக்கும் என்று பெரும்பாலும் நம்புவோர் 12 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். ‘திறம்பட்ட ஆட்சி’ என்ற வாதத்துக்கு உயிர் கொடுத்தது அந்த நம்பிக்கைதான். 2019 தேர்தலில் தெளிவான பெரும்பான்மை பெற்ற கட்சி அடுத்த ஐந்தாண்டுக்குள் மூன்று பிரதமர்களைக் கண்ட பிறகு, ஒரு கட்சி ஆட்சியே நிலையானது என்று சொன்னால் மக்கள் யோசிக்கிறார்கள்.

தோற்கிற கட்சிக்காரர்கள்தானே எப்போதும் மாற்றம் கேட்கிறார்கள்?

பெருமளவு உண்மை. நீண்ட காலம் இப்போதைய முறையின் உறுதியான காவலர்களாக இருந்த கன்சர்வேட்டிவ் ஆதரவாளர்களிடையே, 2024 தோல்விக்குப் பின் மாற்றத்துக்கான ஆதரவு வேகமாக ஏறியது. ரிஃபார்ம், பசுமை ஆதரவாளர்களிடையே அது மிக அதிகம். வென்றவுடன் விருப்பம் தணிவதும் உண்டு. 1997-இல் தொழிற்கட்சி இதற்காகப் பொது வாக்கெடுப்பு நடத்துவதாகத் தேர்தல் அறிக்கையில் எழுதியது, 43.2 சதவீத வாக்குக்கு 418 இடங்கள் கிடைத்தன. ராய் ஜென்கின்ஸ் தலைமையிலான ஆணையம் 1998-இல் ஒரு கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. கனடாவில் ஜஸ்டின் ட்ரூடோ 2015-இல் இதுவே பழைய முறையின் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி தந்து வென்று, 2017-இல் அதைக் கைவிட்டார்.

ஆயினும் தன்னலத்திலிருந்து பிறந்ததால் ஒரு முறையீடு பொய்யாகிவிடாது. குறைந்த கூலி பெறுபவரே கூலி உயர்வு கேட்கிறார் என்பதால் கூலி குறைவு என்பது இல்லாமல் போகாது. கவலைக்குரியது வேறொன்று: ஆதரவு கட்சியின் நிலையோடு ஏறி இறங்குமானால், இன்றைய 60 சதவீதம் அடுத்த தேர்தல் முடிவு வரை மட்டுமே நிற்கலாம். ரிஃபார்ம் கட்சி விகிதாசாரத்தைத் தன் 2024 அறிக்கையில் கேட்டது. 2025-இல் பல கணிப்புகளில் முப்பது சதவீதத்தை ஒட்டி முன்னணிக்கு வந்த அதே கட்சிக்கு, அந்த ஆதரவைக்கொண்டே பழைய முறை ஆட்சியைக் கொடுக்கக்கூடும். அன்று அதன் ஆதரவாளர்கள் என்ன சொல்வார்கள் என்பதே உண்மையான சோதனை.

பிரிட்டனுக்கு விகிதாசாரம் ஒத்துவராது என்கிறார்களே?

பிரிட்டனின் பல பகுதிகள் அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகின்றன. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999 முதல் கலப்பு முறையில் 129 பேரைத் தேர்ந்தெடுக்கிறது; அங்கே உள்ளாட்சித் தேர்தல்கள் 2007 முதல் ஒற்றை மாற்று வாக்கில் நடக்கின்றன. வட அயர்லாந்தின் சட்டமன்றம் ஒற்றை மாற்று வாக்கில் தொகுதிக்கு ஐவரைத் தேர்கிறது. வேல்ஸ் 1999 முதல் கலப்பு முறையில் இருந்து, 2026 தேர்தலுக்கு 16 தொகுதிகளில் தலா ஆறு பேர் என்ற பட்டியல் முறைக்கு மாற்றப்பட்டது. லண்டன் பேரவையும் கலப்பு முறையில்தான் அமைகிறது. லண்டனில் மே மாதம் மூன்று வாக்குச்சீட்டுகளை வாங்கியவர்கள், தாங்கள் விகிதாசார முறையில் வாக்களித்ததை அறியாமலே வீடு திரும்பியிருக்கலாம். ‘மக்களுக்குப் புரியாது’ என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இது போதும்.

நம் தொகுதிக்கென்று ஒரு எம்.பி. இருப்பது போய்விடுமா? விசா பிரச்சினைக்கு யாரிடம் போவது?

இந்தக் கவலை நியாயமானது. கணிப்புகளில் இப்போதைய முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் என்னை மிகவும் யோசிக்க வைப்பதும் இதுதான். வெள்ளிக்கிழமை மாலை எம்.பி.யின் குறைகேட்பு நேரத்தில் உட்கார்ந்து, உள்துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விடை எந்த முறை என்பதைப் பொறுத்தது. கலப்பு முறையில் தொகுதி எம்.பி. அப்படியே இருப்பார், தொகுதி மட்டும் பெரிதாகும். ஒற்றை மாற்று வாக்கில் ஒரு பகுதிக்கு நான்கைந்து பேர் இருப்பதால், ஒருவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். வேல்ஸ் ஏற்ற மூடிய பட்டியலில் வாக்காளர் கட்சியைத் தேரலாம், ஆளைத் தேர முடியாது. அங்கே இந்தக் குறை உண்மையிலேயே எழுகிறது. தொகுதி உறவை மதிக்கும் ஒருவர் விகிதாசாரத்தை முழுதாக மறுக்க வேண்டியதில்லை, அந்த மூன்றாவது வகையை மறுத்தால் போதும்.

இனவெறிக் கட்சிகள் உள்ளே வந்துவிடாதா? நமக்கல்லவா ஆபத்து?

வரலாம். பிரிட்டிஷ் தேசியக் கட்சி 2008-இல் லண்டன் பேரவையில் ஓரிடமும், 2009-இல் பட்டியல் முறையில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு இடங்களும் வென்றது. 2010 பொதுத்தேர்தலில் 1.9 சதவீத வாக்குகள் பெற்றும் அதற்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆக, சிறிய தீவிரக் கட்சிகளைப் பழைய முறை தடுத்தது என்பது உண்மை. 2014-இல் அதே விகிதாசாரத் தேர்தலில் அந்தக் கட்சி இரண்டு இடங்களையும் இழந்தது என்பதும் உண்மை.

ஆனால் அணை எவ்வளவு உயரம் வரை தாங்கும் என்று கேளுங்கள். பத்துச் சதவீதம் உள்ள கட்சியை வெளியே நிறுத்தும் அதே முறை, முப்பதைத் தாண்டிய கட்சிக்கு முழு ஆட்சியைக் கொடுக்கிறது. விகிதாசாரத்தில் முப்பது சதவீதக் கட்சிக்கு முப்பது சதவீத இடங்களே. ஆள வேண்டுமானால் இன்னொரு கட்சியின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினராகிய நமக்கு எது பெரிய ஆபத்து என்பதை இதை வைத்து எடைபோட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் அணையின் பக்கம் நின்றவன், இப்போது இல்லை.

கூட்டணி ஆட்சி வந்தால் பேரம்தானே நடக்கும்?

நடக்கும். பழைய முறையிலும் நடந்தது: 2010-இல் கூட்டணி, 2017-இல் வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் பத்து எம்.பி.க்களின் ஆதரவுக்காக அப்பகுதிக்கு 100 கோடி பவுண்டு ஒதுக்கீடு. மறுபுறம், ஸ்காட்லாந்தில் 2011-இல் ஒரே கட்சி 129-இல் 69 இடங்கள் பெற்றுத் தனித்து ஆண்டது. பேரம் தேர்தலுக்கு முன் ஒரு கட்சிக்குள் மறைவாக நடக்கிறதா, பின்னர் வெளிப்படையாக நடக்கிறதா என்பதே வேறுபாடு.

நாடாளுமன்றமே விகிதாசாரத்துக்கு ஓட்டுப் போட்டதாகக் கேள்விப்பட்டேனே?

2024 டிசம்பர் 3 அன்று லிபரல் டெமாக்ரட் எம்.பி. சாரா ஓல்னி, விகிதாசாரத்துக்கான ஒரு தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார். 138 பேர் ஆதரித்தனர், 136 பேர் எதிர்த்தனர். அது அறிமுகத்துக்கான அனுமதி மட்டுமே; அரசு நேரம் ஒதுக்காவிட்டால் அத்தகைய மசோதா மேலே நகராது. தொழிற்கட்சியின் 2022 மாநாட்டுத் தீர்மானமும் இப்படித்தான். லிவர்பூலில் உறுப்பினர்கள் விகிதாசாரத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கீர் ஸ்டார்மர் தலைமை அதை 2024 தேர்தல் அறிக்கையில் சேர்க்கவில்லை.

பெரும்பான்மை மக்கள் கேட்டும் ஏன் நடக்கவில்லை? இது ஜனநாயகமா?

முறையை மாற்றும் அதிகாரம் அந்த முறையால் வென்றவர்களிடம் இருப்பது முதல் தடை. இதற்கு முன்னும் இப்படியே நடந்திருக்கிறது. 1917-இல் சபாநாயகர் தலைமையிலான மாநாடு நகரத் தொகுதிகளுக்கு ஒற்றை மாற்று வாக்கைப் பரிந்துரைத்தது. இரு அவைகளும் தமக்குள் உடன்படாமல் அது நழுவியது. 1931-இல் ஏ.வி. மசோதா கீழவையைக் கடந்தும், மேலவையின் எதிர்ப்பிலும் அரசின் வீழ்ச்சியிலும் மடிந்தது.

இரண்டாவது தடை மக்களிடமே இருக்கிறது. நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டால் விலைவாசி, என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவ சேவை, குடியேற்றம் என்று வரும். தேர்தல் முறை பட்டியலில் தென்படுவதே அரிது. மாற்றம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பார்கள். அதற்காகத் தங்கள் வாக்கை மாற்றுவார்களா என்றால் மிகச் சிலரே. அரசியல்வாதிகள் முதல் எண்ணைவிட இரண்டாவதைக் கவனமாகப் படிக்கிறார்கள்.

பொது வாக்கெடுப்பு நடத்தாமலே மாற்ற முடியுமா? அது சரியா?

சட்டப்படி முடியும், நாடாளுமன்றச் சட்டம் ஒன்று போதும். ஐரோப்பியத் தேர்தலுக்குப் பட்டியல் முறை 1999-இல் வந்ததும், ஸ்காட்லாந்து உள்ளாட்சிக்கு ஒற்றை மாற்று வாக்கு வந்ததும், வேல்ஸின் புதிய முறையும் பொது வாக்கெடுப்பின்றியே. எதிர்த்திசையிலும் அப்படியே. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர்களுக்கு இரண்டாம் விருப்பம் தரும் முறை இருந்தது. 2022 சட்டம் யாரிடமும் கேட்காமல் அதை நீக்கியது. விளைவாக 2025 மே மாதத்தில் மேற்கு இங்கிலாந்து வட்டார மேயர் 25 சதவீத வாக்குடன் பதவிக்கு வந்தார். அந்த முறையைத் திரும்பக் கொண்டுவர 2025 ஜூலையில் அரசு ஒரு மசோதாவை முன்வைத்தது.

சரியா என்பது கடினமான கேள்வி. 2011-இல் மக்களைக் கேட்டுவிட்டு, இன்னும் பெரிய மாற்றத்தைக் கேட்காமல் செய்தால் அதன் மேல் நம்பிக்கை நிற்காது என்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. தேர்தல் அறிக்கையில் குறிப்பிட்ட முறையைத் தெளிவாக எழுதி வென்றால் அது போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். 33 சதவீத வாக்கில் வென்ற ஓர் அரசு, வாக்கு விகிதமே நியாயம் என்று சொல்லி இதை மக்களைக் கேட்காமல் நிறைவேற்றுவது எனக்கு ஒவ்வவில்லை.

மாற்றிய நாடுகளில் மக்கள் பிறகு வருந்தினார்களா?

நியூசிலாந்து நல்ல சான்று. அங்கே 1978-லும் 1981-லும் குறைந்த வாக்குப் பெற்ற கட்சி ஆட்சி அமைத்தது. 1986-இல் அரச ஆணையம் கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. 1992 வாக்கெடுப்பில் 84.7 சதவீதம் பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு இரண்டு முறைகளை நேருக்கு நேர் வைத்தபோது 53.9 சதவீதம் பேர் புதியதை ஏற்றார்கள். பொதுவாகக் கேட்கும்போது 85, குறிப்பாகக் கேட்கும்போது 54: பிரிட்டனின் 60-ஐ எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. புதிய முறையில் ஐந்து தேர்தல்கள் நடந்த பின் 2011-இல் மீண்டும் கேட்டார்கள், 57.8 சதவீதம் பேர் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இவ்வளவு சொல்கிறீர்கள், நீங்கள் எந்தப் பக்கம்?

மாற்றத்தின் பக்கம். மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட தொகுதிகளில் ஒற்றை மாற்று வாக்கை விரும்புகிறேன். கட்சியையும் ஆளையும் வாக்காளரே தேர அது இடம் தருகிறது. வழிமுறையாக நியூசிலாந்தைப் பின்பற்றலாம்: கட்சிகளுக்கு அப்பாற்பட்ட ஓர் ஆணையம் முதலில் ஒரே ஒரு முறையை விளக்கமாக வரைந்து வைக்க வேண்டும், அதன் பிறகே பழையதா புதியதா என்று மக்களைக் கேட்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004-இல் குடிமக்கள் 160 பேர் கூடி ஆராய்ந்து ஒரு முறையை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு 57.7 சதவீதம் பேர் அதை ஆதரித்தும், 60 சதவீதம் வேண்டும் என்று விதித்திருந்ததால் அது வீழ்ந்தது. அப்படியொரு குழுவை இங்கேயும் அமைக்கும்படி உங்கள் எம்.பி.க்கு எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன்.